ஆட்சேபணை இல்லையே?

டன்மோர், அலபாமா
14 செப்டம்பர் 1986

அன்புள்ள லமார் அண்ணாவுக்கு,

ஒலீதா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். அம்மாவின் வலது கால் மட்டும் நலமில்லை. சர்க்கரைப் புண் ஆற மறுக்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? அங்கே குளிர் வந்துவிட்டதா?

ஊர்கூடும் ஞாயிறு முடிந்துவிட்டது. டெட்ராய்ட், சிகாகோ என்று வடக்கே போனவர்களின் கார்கள் சர்ச் வாசலிலிருந்து மரமில் வரைக்கும் நின்றன. நான் ஒவ்வொரு நம்பர் பிளேட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். உன் ஒஹாயோ நம்பரில் ஒரு கார் இருந்தது. அதிலிருந்து பாதிரியாரின் மைத்துனர் இறங்கினார்.

அம்மா உனக்காக ஒரு தட்டு எடுத்து மூடி வைத்திருந்தாள். பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி. மறுநாள் மதியம் வரை யாரையும் தொடவிடவில்லை. டெசி அத்தைதான் ஆரம்பித்தாள். "ஏன்டி, கிளீவ்லாந்துல ரோடெல்லாம் ஒரு பக்கமாத்தான் போகுமா? போனவன் திரும்பி வர ரோடே போடலையா?" எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், பாதி.

நீ கடைசியாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது அம்மாவுக்காகக் கொண்டுவந்த கண்ணாடி விளக்கு, டயர் வெடித்த குலுக்கலில் உடைந்தது என்றாயே, அதை அம்மா ஒட்டி அலமாரிமேல் வைத்திருக்கிறாள். ஒட்டிய பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்.

அத்தை வீட்டுப் போனில் பேசலாமே என்பாய். போனைக் காதில் வைத்ததும் எனக்கு வார்த்தை நின்றுவிடுகிறது. பள்ளியிலும் அப்படித்தானே, விடை தெரிந்திருக்கும், வாய் திறக்காது. அம்மாவைக் கவனிக்க நான் நின்றுவிட்டபோது எந்த டீச்சரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் வகுப்பில் இருந்தது அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்காது.

இந்த வருஷம் பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடத்துகிறாய்? எழுது. இஸ்திரி போடும்போது யோசிக்க எனக்கு ஏதாவது வேண்டும்.

இங்கிருக்கும் எல்லோருடைய அன்போடும்,
ஒலீதா


கிளீவ்லாந்து
19 அக்டோபர் 1986

அன்புள்ள ஒலீ,

இருமல் போய்விட்டது. அம்மாவை உப்பைக் குறைக்கச் சொல். அவள் கேட்கமாட்டாள், ஆனாலும் சொல்.

பாடம் கேட்டாய். அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம் நடத்துகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: உன் உடம்பு, உன் வீடு, உன் காகிதங்கள், உன் பொருள்கள் உன்னுடையவை. தக்க காரணம் இல்லாமல் அரசாங்கம் அவற்றைத் துழாவவோ எடுத்துக்கொண்டு போகவோ கூடாது. வீட்டுக்குள் வர, பொதுவாக, நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரன்ட் வேண்டும். எந்த இடத்தில் என்ன பொருளைத் தேடுகிறார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஒரு சந்து இருக்கிறது. நீயே "பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டால் வாரன்ட் தேவையில்லை.

இதைப் புத்தகத்திலிருந்து நடத்தினால் தூங்கிவிடுகிறார்கள். அதனால் நான் வெளியே போய், போலீஸ்காரனாகக் கதவைத் தட்டுகிறேன். டுவைன் என்று ஒரு பையன், கதவில் நின்றால் கதவே தெரியாத உடம்பு. அவன்தான் வீட்டுக்காரன். "பார்த்தா தப்பில்லையே?" என்றேன். "சரி சார், வாங்க சார்" என்று பையைத் திறந்து, மதியச் சாப்பாட்டையும் பிரித்துக் காட்டினான். "கோழி வேணுமா சார்?" வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "எங்க லாக்கரை மட்டும் பிரின்சிபால் நெனச்சா தெறக்கறாரே? சட்டம் கேட்டுக்கு வெளியதான் நிக்குமா சார்?" பள்ளிக்குள்ளும் சட்டம் உண்டு, ஆனால் கொஞ்சம் இளைத்துப்போய் இருக்கும் என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. தேர்வுத் தாள்கள் இருக்கின்றன.

அம்மாவுக்கு என் முத்தம்.
லமார்


டன்மோர்
9 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். கிறிஸ்துமஸ் வரியை இரண்டாம் தடவை நான் வாசிக்கவில்லை. எல்லோரும் நலம்.

பாடத்தை இங்கேயும் நடத்திப் பார்த்தோம். டெசி அத்தை தலையில் வடிதட்டைக் கவிழ்த்துக்கொண்டு, துடைப்பத்தைத் துப்பாக்கியாகப் பிடித்து, வலைக்கதவைத் தட்டினாள். "ஏ பொண்ணு, உன் அடுப்படியில என்ன ஒளிச்சு வச்சிருக்கே? ஒரு பார்வை பாக்கணும்!" முடியாது என்று சொல்லத்தான் நின்றேன். "சரிங்கய்யா" என்று வந்துவிட்டது. அத்தைக்கு! அத்தை உள்ளே வந்து உண்மையாகவே கேக்கில் பாதியை எடுத்துக்கொண்டாள். "சம்மதிச்சே இல்ல? அப்ப வாய மூடு."

அம்மாவுக்குக் கோபம். கட்டிலிலிருந்தே கத்தினாள்: "போலீஸ்காரன்கிட்ட முடியாதுன்னு சொல்ல என் பொண்ணுக்கு எவன் கத்துக்குடுக்கறது? அவன் கிளீவ்லாந்துல உக்காந்துக்கிட்டு சொல்லுவான். இங்க வந்து சொல்லச் சொல்லு, பாப்போம்!"

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஊருக்குள் வரும் இரும்புப் பாலத்தில் நிற்கும் போலீஸ் டெபுட்டி ஹாகின்ஸ், நீ வகுப்பில் கேட்ட மாதிரிக் கேட்பதில்லையாம். வெளியூர் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் நிறுத்தி, சிரித்துக்கொண்டே, "டிக்கியை ஒரு பார்வை பாத்துக்கிடுறேன், ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்பானாம். இதற்கு "சரிங்கய்யா" என்றால் சம்மதம். "இல்லீங்கய்யா" என்றால் ஆட்சேபணை இல்லை என்று ஆகிறது, அதுவும் சம்மதம். "ஆமாங்கய்யா" என்றாலும் அதேதான். இஸ்திரி போட்டுக்கொண்டே எல்லா வழியிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் போனாலும் டிக்கி திறந்துகொள்கிறது. உன் பிள்ளைகளுக்கு இதற்கு என்ன சொல்லிக்கொடுக்கிறாய்?

உன் காரை அவன் எப்போதாவது நிறுத்தியிருக்கிறானா அண்ணா?

பதிலை எதிர்பார்க்கும்,
ஒலீதா


கிளீவ்லாந்து
22 பிப்ரவரி 1987

அன்புள்ள ஒலீ,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பனி, தேர்வு, பிறகு மறுபடியும் பனி. அம்மாவின் காலைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்?

உன் சந்தேகத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு முழு வகுப்பு அதிலேயே போனது. "கேள்வியே எலிப்பொறி சார்" என்றான் டுவைன். உண்மைதான். அதனால் ஆமாம் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. அவன் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, முழு வாக்கியமாகச் சொல்: "நீங்க சோதனை போட நான் சம்மதிக்கல." கைகள் வெளியே தெரியட்டும். ஓடாதே, கத்தாதே, குறுக்கே விழாதே. மீறி நுழைந்தால் விட்டுவிடு. நீ சம்மதிக்கவில்லை என்பது நிற்கும். பிறகு நீதிமன்றத்தில் அதுதான் பேசும்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். முதலில் சிரிப்பு, பிறகு சரியாக வந்தது. கடைசியில் டுவைன், "நீங்க எப்பவாவது இதைச் சொல்லியிருக்கீங்களா சார்?" என்று கேட்டான்.

மணி அடித்துவிட்டது.

லமார்


டன்மோர்
15 மார்ச் 1987

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அம்மா அப்படியே இருக்கிறாள். புண் மட்டும் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. கோடை முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். "ஆகஸ்ட் ஞாயிறுக்கு முன்னாடி எவனும் என் காலைத் தொடக்கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். உன்னைப் பற்றி அவள் கேட்பதில்லை. கார் சத்தம் கேட்டால் மட்டும், "யாரு வந்திருக்கா பாரு" என்பாள்.

போன வாரம் விளக்கின் ஒட்டு விட்டுப்போனது. மறுபடி ஒட்ட, கட்டிலுக்கு அடியிலிருந்த அதன் பழைய அட்டைப்பெட்டியை எடுத்து, சில்லு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். அடியில் செம்மண் இருந்தது, புல் வேரோடு. டயர் வெடித்தால் டிக்கிக்குள் இருக்கும் பெட்டியில் புல் எப்படி வரும் என்று நான் கேட்கப்போவதில்லை.

விளக்கை ஒட்டிவிட்டேன். வாக்கியத்தைக் கோழிகளிடம் சொல்லிப் பழகுகிறேன். அவை கேட்டுக்கொள்கின்றன.

ஊர்கூடும் ஞாயிறு ஆகஸ்டில் இரண்டாம் ஞாயிறு. உனக்குத் தெரியும். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஒலீதா


டன்மோர்
26 ஏப்ரல் 1987

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நடந்ததை அத்தை போனில் உன்னிடம் சொல்வதற்குள் நானே எழுதிவிட வேண்டும். அவள் சொன்னால் அதில் பீரங்கி எல்லாம் வரும்.

மரமில்லில் பெரிய ரம்பம் ஒன்று காணாமல் போய்விட்டது. டெபுட்டி ஹாகின்ஸ் வெள்ளைக்காரர் தெருக்களை விட்டுவிட்டு எங்கள் தெருவில் மட்டும் வீடு வீடாக வந்தான். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கதவு தட்டியதும் அம்மா, யாரென்று பார்க்காமல், எப்போதும்போல உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "உள்ள வாங்க, கதவு தெறந்துதான் இருக்கு!"

நான் வாசலுக்கு ஓடினேன். வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் அவன் தொப்பி தெரிந்தது.

"ஒரு சுத்து பாத்துட்டுப் போயிடுறேன். ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?"

அண்ணா, "சரிங்கய்யா" பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. விழுங்கினேன். மாவுக் கைகள் இரண்டையும் அவனுக்குத் தெரியும்படி வலையில் வைத்தேன்.

"நீங்க சோதனை போட நான் சம்மதிக்கல."

"என்னது? சத்தமாச் சொல்லு."

கோழிகளுக்குக் கேட்கும் அளவுதான் சொல்லியிருக்கிறேன் போல. மறுபடி சொன்னேன்.

"உங்கம்மா வரச் சொல்றாங்களே?"

"யாருன்னு பாக்காம சொல்லிட்டாங்கய்யா. வாரன்ட் இருந்தா தெறக்கிறேன்."

"யாரு சொல்லிக்குடுத்தது இதெல்லாம்?"

"எங்கண்ணன். வாத்தியார்."

தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பிறகு சிரித்தான். "உங்கண்ணனா? அவன் நல்ல மரியாதை தெரிஞ்ச பையனாச்சே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அவன் போனபிறகுதான் கவனித்தேன். வலையில் என் இரண்டு கைகளும் மாவாகப் பதிந்திருந்தன. கதவைத் துடைக்கப் போனபோது அம்மா, "இருக்கட்டும், விடு" என்றாள்.

பயம் இன்னும் போகாத,
ஒலீதா


கிளீவ்லாந்து
17 மே 1987

அன்புள்ள ஒலீ,

இனிமேல் வீட்டில் அம்மாவும் நீயும் மட்டும் இருக்கும்போது அப்படிச் செய்யாதே. நான் சொல்லிக்கொடுத்ததுதான், தெரியும். ஆனாலும் செய்யாதே.

பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு அதை வகுப்பில் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. டுவைன், "அவங்கள இங்க கூட்டிட்டு வாங்க சார், பேசச் சொல்லுங்க" என்றான். ரொம்பக் கூச்சம், பேசமாட்டாள் என்றேன். அதற்கு மொத்த வகுப்பும் சிரித்தது.

நான் எப்போதாவது அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேனா என்று அவன் பிப்ரவரியில் கேட்டது பாக்கி இருந்தது. விடை சொன்னேன். "இல்லை" என்றேன். நல்ல பையன், மேலே கேட்கவில்லை.

ஆகஸ்ட் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. அம்மாவைப் பார்த்துக்கொள்.

லமார்


டன்மோர்
14 ஜூன் 1987

அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு வார்த்தையும் மாற்றக்கூடாதாம். – ஒலீ

லமாரு, சாப்பிடுறேன், தூங்குறேன், கவலப்படாத. உப்ப நான் குறைக்கல, அதையும் எழுதுடி.

அன்னைக்கு அவன உள்ள கூப்பிட்டது என் வாய்தான். கதவு தட்டுனா வாங்கன்னு சொல்றது நம்ம வீட்டு வழக்கம். கூப்பிட்டுட்டு, இவ அங்க நின்னு பேசுறதக் கேட்டுக்கிட்டு, எந்திரிக்க முடியாம கெடந்தேன்.

இப்ப நான் சொல்றதக் கேளு. நீ நடக்கப் பழகுறப்பவே உனக்கு "சரிங்கய்யா" சொல்லப் பழக்குனேன். உங்கப்பா அத ஒரு நாள் சொல்லாம விட்டாரு. அன்னைக்கு வீடு வந்து சேரல, உனக்குத் தெரியும். நீ கடைசியா வந்தப்ப பாலத்துல என்ன நடந்துச்சுன்னு யாரும் எங்கிட்ட சொல்லல. உன் பேன்ட்ட தொவச்சது நான்தானே. முட்டி ரெண்டுலயும் செம்மண்ணு. டயர் மாத்துறவனுக்கு ஒரு முட்டியிலதான் ஒட்டும்.

நீ அந்த வார்த்தையச் சொன்னே, வீடு வந்து சேந்தே. அத உனக்குக் குடுத்தவ நான். அதுல வெக்கப்பட என்ன இருக்கு? வெளக்கு போனாப் போகுது.

ரெண்டு காலுல நின்னு உன்ன வாசல்ல பாக்கணும். வா.


டன்மோர்
26 ஜூலை 1987

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார், பாவம். அம்மா நலம். நானும்.

நீ வருகிறாயா என்று கேட்கவில்லை. வந்தால் எப்படி என்று மட்டும் எழுதுகிறேன். பாலத்தைத் தவிர்க்கச் சுற்றுவழியில் வராதே. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறதல்லவா, ஞாயிறு காலை அத்தை என்னை அங்கே இறக்கிவிடுவாள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். நீ ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொள். வாக்கியம் உனக்கு வராவிட்டால் எனக்கு வரும்.

ஒஹாயோ கார் வரும் வரைக்கும் நிற்பேன்.
ஒலீதா


கிளீவ்லாந்து
3 ஆகஸ்ட் 1987

ஒலீ,

வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன். அம்மாவுக்கு ஒரு விளக்கு வாங்கியிருக்கிறேன், டிக்கியில் இருக்கும். நிழலில் நில்.

லமார்


டன்மோர்
11 அக்டோபர் 1987

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் காலை எடுத்த இடத்தில் தையல் பிரித்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் அடுப்படிக்கு வந்து என் சமையலைக் குறை சொல்கிறாள், அதனால் நலம் என்று தெரிந்துகொள். அங்கே இருமல் வராமல் பார்த்துக்கொள்.

புது வகுப்புக்கு வாசித்துக் காட்ட, பாலத்தில் நடந்ததை என் கண்ணில் பட்டபடி எழுதித் தரச் சொன்னாய். எழுதுகிறேன்.

ஹாகின்ஸ் கையைக் காட்டி நிறுத்தினான். "என்ன வாத்தியாரே, ஊர் ஞாபகம் வந்துடுச்சா?" என்றான். என்னையும் பார்த்தான். பிறகு அதே சிரிப்போடு, "டிக்கியை ஒரு பார்வை பாத்துக்கிடுறேன், ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்றான். உன் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. உன் உதடு "ச" என்று அசைந்ததைப் பார்த்தேன். உனக்குத் தெரியாத விஷயம் இதுதான்: நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் உன் குரல் வந்துவிட்டது.

"ஐயா, நீங்க சோதனை போட நான் சம்மதிக்கல."

அம்மா கொடுத்த "ஐயா"வும் அதில் இருந்தது.

அவன் நம்மை வெயிலில் வெகுநேரம் நிறுத்தி வைத்தான். பின்விளக்கு மங்கல் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தான். அதற்குள் சர்ச்சில் பாட்டெல்லாம் முடிந்து, சாப்பாடும் முடிந்துவிட்டிருந்தது. பாலம் தாண்டியதும் நீ அழுதாய். அதை வகுப்பில் வாசிக்க வேண்டாம் என்றால் விட்டுவிடு. டிக்கி மூடியபடியே வீடு வந்தது. அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலில் நின்றிருந்தாள். மூடி வைத்த தட்டு மேசையில் இருந்தது. "வந்துட்டான்டி, ரோடு போட்டுட்டாங்க போல!" என்று டெசி அத்தை கத்தியதும், நீ படியில் உட்கார்ந்து ஆறிப்போன அந்தக் கோழியைத் தின்றதும் உனக்கே தெரியும்.

நீ திரும்பிப் போனபிறகு, கார் நின்ற இடத்தில் புல் படிந்தே கிடந்தது. இப்போது நிமிர்ந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் துணி காயப்போடுவதில்லை, உன் காருக்கென்று விட்டிருக்கிறேன்.

புது விளக்கைத்தான் ஏற்றுகிறோம். பழையதை அம்மா அதன் பக்கத்திலேயே வைத்து, ஒட்டிய பக்கம் வெளியே தெரியத் திருப்பிவிட்டாள்.

இன்னொன்று. கதவு தட்டினால் அம்மா இப்போதெல்லாம் முதலில், "யாரது?" என்கிறாள். நேற்று டெசி அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது. "எத்தன வருஷமா வந்துக்கிட்டிருக்கேன், என்னையே யாருன்னு கேக்குறியா?"

"எல்லாரையும்தான் கேப்பேன்," என்றாள் அம்மா. சக்கர நாற்காலியை வலைக்கதவுப் பக்கம் திருப்பினாள். "லமார் தட்டுனா மட்டும் கேக்கமாட்டேன். அவன் தட்டுறது எனக்குத் தெரியும்."

கதவு தெறந்துதான் இருக்கு அண்ணா.

ஒலீதா